அக்கா பையனுக்கு சிக்கிள் செல், ஜீன் தெரபில குணமாகுமா? நீலகிரில இருந்து ஒரு பதில்

தம்பி, உங்க கேள்விய நேத்து ராத்திரி படிச்சேன், மனசு கேக்கல, அதான் காலைல ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடியே உக்காந்து எழுதறேன். மத்தவங்களும் படிப்பாங்கங்கறதால நீங்க கேட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன். உங்க வீடு கூடலூர் பக்கம். அக்கா பையனுக்கு 9 வயசு, சிக்கிள் செல், அதாவது சிவப்பணு வளைஞ்சு போற பிறவி ரத்த நோய், ரிப்போர்ட்ல எஸ்எஸ்னு, அதாவது அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்திருக்குன்னு இருக்கு. கிரிஸ்பர்னு ஒரு ஊசி, ஒரே தடவைல குணம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. கீழ சமவெளில ஒரு இடத்துல ஸ்டெம் செல் ஊசி 3 தடவை போட்டா சரியாயிடும், 4 லட்சம்னு சொல்லிருக்காங்க, அக்கா நகைய வித்துட்டு மிச்சத்தை வட்டிக்கு வாங்கலாமான்னு யோசிக்குது. உங்க மனைவிக்கு மூணாவது மாசம், தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கற கம்பெனி ஆள் வேற போன் பண்றார், அது பையனுக்கு உதவுமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அவசரமானது. அந்த 4 லட்சத்தைக் கட்டாதீங்க. நகைய விக்க வேண்டாம்னு இன்னைக்கே அக்காகிட்ட சொல்லிடுங்க. மிச்சத்தைப் பொறுமையா படிங்க, ஏன்னா வாட்ஸ்அப்ல வந்தது முழுப் பொய் இல்ல, அதுல பெரிய உண்மை ஒண்ணு இருக்கு, அந்த உண்மையக் காட்டித்தான் உங்ககிட்ட காசு கேக்கறாங்க.

நான் பந்தலூர்காரி. 19 வருஷமா லேப் டெக்னீஷியன், நடுவுல 3 வருஷம் மலைக்குக் கீழ ஒரு ஸ்டெம் செல் ஆராய்ச்சி லேப்ல வேலை பாத்தேன். டாக்டர் இல்ல, அதனால மருந்து அளவெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரத்தத்தை ஆயிரக்கணக்கான ஸ்லைடுல பாத்திருக்கேன்.

அது எப்படி இருக்கும்னு சொல்றேன். விரல்ல ஒரு சொட்டு எடுத்து கண்ணாடி ஸ்லைடுல வெச்சு, ஆக்சிஜனை உறிஞ்சிடற மெட்டாபைசல்பைட் கரைசல் ஒரு சொட்டு கலந்து, மேல கவர் ஸ்லிப் போட்டு ஓரத்தை மூடிடுவோம். அப்பவே மைக்ராஸ்கோப்ல பாத்தா எல்லா சிவப்பணுவும் நல்ல உருண்டையா, நடுவுல லேசா அமுங்கி, வட்டில் மாதிரி இருக்கும். ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாத்தா அதே செல்லுங்க ஓரம் கூர்மையாகி, நீண்டு, வளைஞ்சு கிடக்கும். தோட்டத்துல கவாத்து பண்ற கத்தி தெரியும்ல, அந்த வளைவு அப்படியே. ஸ்லைடுல நடக்கறதுதான் பையனோட உடம்புலயும் நடக்குது. எங்க ஆக்சிஜன் குறையுதோ, எங்க தண்ணி குறையுதோ, எங்க குளிர்ல ரத்தக்குழாய் சுருங்குதோ அங்க செல்லு வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு குழாயை அடைக்கும், அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. அவன் ராத்திரில கால் எலும்பைப் புடிச்சுக்கிட்டு அழறானே, அது இதுதான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட அழறதா யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. நல்ல சிவப்பணு 120 நாள் இருக்கும், இந்த செல்லு 10ல இருந்து 20 நாள்ல உடைஞ்சுடும், அதனாலதான் எப்பவும் ரத்தம் கம்மி, கண்ணு லேசா மஞ்சளா இருக்கும். மஞ்சக்காமாலைன்னு நினைச்சு கீழாநெல்லி குடுத்துக்கிட்டே இருந்த வீடுங்க எத்தனையோ பாத்துட்டேன்.

இதுக்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. நம்ம டிஎன்ஏல ஏறக்குறைய 300 கோடி எழுத்து. அதுல 11வது குரோமோசோம்ல, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கற ஹீமோகுளோபினோட பீட்டா பாகத்தைச் செய்யச் சொல்ற ஜீன் இருக்கு, அங்க ஒரு ஏ இருக்க வேண்டிய இடத்துல டி இருக்கு, அவ்வளவுதான். அதனால புரதத்துல ஆறாவது இடத்துல குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின் வந்து உக்காந்துடுது. ஹீமோகுளோபின்தான் மாறியிருக்குன்னு 1949ல லைனஸ் பாலிங் காட்டினார், சரியா எந்த அமிலம் மாறியிருக்குன்னு 1950கள்ல வெர்னான் இங்கிரம் கண்டுபிடிச்சார். ஒரு நோயை மூலக்கூறு அளவுல முதல்ல புரிஞ்சுக்கிட்டதே இந்த நோய்லதான்.

இன்னொண்ணும் நீங்க தெரிஞ்சுக்கணும், இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். இந்தியாவுல சிக்கிள் செல் முதல்ல கண்டுபிடிச்சது எங்கன்னு நினைக்கறீங்க? இங்கதான், நீலகிரில. 1952ல ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ்னு ரெண்டு பேர் நம்ம மலையோட பழங்குடி மக்கள்கிட்ட ரத்தம் எடுத்துப் பாத்து எழுதினாங்க. அதே வருஷம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்கிட்டயும் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. பணியர், இருளர், குறும்பர்னு நம்ம சனங்க கையை நீட்டி ரத்தம் குடுத்து 70 வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த மாதிரி ரத்தத்தைப் படிச்சு வளந்த அறிவு இப்ப மருந்தா வந்து நிக்குது, ஆனா அது நம்ம மலை ஏறி வரல. அதை வரவைக்கணும்கற ஆசைலதான் நான் இன்னும் இந்த வேலைல இருக்கேன்.

ஏன் நம்ம மலைல இவ்வளவு இருக்குன்னா, மலேரியா. கூடலூரும் வயநாடு பக்கமும் ஒரு காலத்துல மலேரியாக் காடு. அந்தக் காய்ச்சலுக்கு குயினின் எடுக்கத்தான் 1860கள்ல நடுவட்டத்துல சிங்கோனா மரம் நட்டாங்க. ஆனா அதுக்குப் பல தலைமுறை முன்னாடியே நம்ம ஆளுங்க ரத்தத்துல ஒரு காவல் இருந்துச்சு. அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ ஒரே ஒரு சிக்கிள் ஜீன் மட்டும் வாங்கினவங்க, அதாவது ஏஎஸ், கடுமையான மலேரியால சாகறது ரொம்பக் குறைவு, இதை 1954ல ஆலிசன்கறவர் கிழக்கு ஆப்பிரிக்காவுல காட்டினார். ஒண்ணு இருந்தா காப்பாத்தும், ரெண்டும் சேந்துட்டா நோய். அதனால இது யாரோட பாவமும் இல்ல, சாபமும் இல்ல, சொந்தத்துக்குள்ள கட்டினதுக்கு சாமி குடுத்த தண்டனையும் இல்ல. உங்க அக்காவ யாராவது குறை சொன்னா இந்தப் பத்தியப் படிச்சுக் காட்டுங்க.

இப்ப ஜீன் தெரபிக்கு வரேன். ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க, உங்க அக்கா பையன் பொறந்தப்போ நல்லாத்தான இருந்தான்? ஆறு மாசம், ஒரு வயசுக்கு அப்புறம்தான் கை கால் விரல் வீங்கி அழ ஆரம்பிச்சிருப்பான். ஏன்னா வயித்துல இருக்கற குழந்தைக்கு வேற ஹீமோகுளோபின், ஹெச்பிஎஃப்னு சொல்வோம். அதுல பீட்டா பாகமே கிடையாது, அதனால சிக்கிள் தப்பும் கிடையாது. பொறந்த கொஞ்ச மாசத்துல உடம்பு அதை நிறுத்திட்டு பெரியவங்க ஹீமோகுளோபினுக்கு மாறிடும், அப்பதான் நோய் தலை காட்டும். பச்சைக் குழந்தைங்களுக்கு இந்த நோய் ஏன் தெரியறதில்லன்னு 1948லயே ஜேனட் வாட்சன்கற டாக்டரம்மா கவனிச்சுட்டாங்க. அப்போ அந்தக் குழந்தை ஹீமோகுளோபினைத் திரும்ப ஓட விட்டா? அதுக்குப் பூட்டு எது? பிசிஎல்11ஏன்னு ஒரு ஜீன்தான் அதை அமுக்கி வெச்சிருக்குன்னு 2008ல ஸ்டூவர்ட் ஆர்கின், விஜய் சங்கரன் குழு காட்டுச்சு. கிரிஸ்பர்ங்கறது டிஎன்ஏல குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் போய் வெட்டற கருவி, 2012ல வந்த கண்டுபிடிப்பு, 2020ல டவுட்னாவுக்கும் ஷார்பான்டியேவுக்கும் நோபல் பரிசு. இந்தக் கத்திரிய வெச்சு அந்தப் பூட்டு ரத்த செல்லுல வேலை செய்யற இடத்தை மட்டும் வெட்டி விடறாங்க. சிக்கிள் எழுத்தை யாரும் திருத்தல, அது அப்படியேதான் இருக்கு. பக்கத்துல மூடிக் கிடந்த கதவைத் திறந்து விடறாங்க. இந்த மருந்துதான் காஸ்ஜெவி, 2023 நவம்பர்ல பிரிட்டன்லயும் டிசம்பர்ல அமெரிக்காவுலயும் 12 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு அனுமதி கிடைச்சுச்சு. அமெரிக்க அனுமதி கிடைச்சப்போ, போதுமான நாள் கண்காணிச்ச 31 பேர்ல 29 பேருக்கு தொடர்ந்து 12 மாசம் கடுமையான வலி ஒரு தடவை கூட வரல. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கடுமையான வலி வந்தவங்க அவங்க. இதை நான் முதல்ல படிச்சப்போ எங்க லேப்ல எல்லாரையும் கூப்பிட்டு சத்தமா வாசிச்சுக் காட்டினேன்.

ஆனா "ஒரு ஊசி"ங்கறது தப்பு. என்ன நடக்குதுன்னு முழுசா கேளுங்க. முதல்ல பல வாரம் ரத்தம் மாத்தி மாத்தி ஏத்தி உடம்பைத் தயார் பண்ணணும். அப்புறம் எலும்பு மஜ்ஜைல இருக்கற, ரத்தத்தை உண்டாக்கற ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவைக்கற மருந்து குடுத்து, மெஷின்ல ரத்தத்தை ஓட விட்டு அந்த செல்லை மட்டும் பிரிக்கணும், போதாட்டி இன்னொரு தடவை, அதுக்கும் அப்புறம் இன்னொரு தடவை. அது தனி ஃபேக்டரிக்குப் போய் வெட்டி, சோதிச்சுத் திரும்ப வர மாசக்கணக்காகும். அதுக்கப்புறம்தான் கஷ்டமான கட்டம். தேயிலை மறுநடவு பண்றது பாத்திருப்பீங்க, பழைய செடி நிக்கறப்போ நடுவுல புதுக் கன்னு வெச்சா ஏறாது, பழசை வேரோட புடுங்கணும், மண்ணை ஆறப் போடணும். அதே மாதிரி பையனோட பழைய மஜ்ஜைய பியூசல்ஃபான்கற கீமோ மருந்து குடுத்து அழிக்கறாங்க. முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், பின்னாடி குழந்தை பெத்துக்கற சக்தி போயிடவும் வாய்ப்பு உண்டு. அதுக்கப்புறம்தான் திருத்தின செல்லை ஏத்தறாங்க, அது வேர் புடிக்கற வரைக்கும் நாலஞ்சு வாரம் கிருமி அண்டாத தனி ரூம்ல கிடக்கணும். அமெரிக்காவுல இதுக்கு வெச்ச விலை 22 லட்சம் டாலர், நம்ம காசுக்கு 18 கோடி ரூபாய்க்கு மேல. அதே நாள் அனுமதி வாங்கின இன்னொண்ணு லிஃப்ஜீனியா, அது வேற வழி, வைரஸை வாகனமா வெச்சு நல்ல ஜீனைச் செல்லுக்குள்ள சேக்கறது, 31 லட்சம் டாலர், அதுல ரத்தப் புற்றுநோய் பத்தின எச்சரிக்கை மருந்து அட்டைலயே இருக்கு.

அப்போ நமக்குக் கிடைக்கவே கிடைக்காதான்னு கேப்பீங்க. கிடைக்கும்னுதான் நான் நம்பறேன், வெறும் ஆறுதலுக்குச் சொல்லல, காரணம் இருக்கு. வேலூர் சிஎம்சில டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு, ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிங்க 5 பேருக்கு அவங்களோட சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, நல்ல ஜீனைச் சேத்து, திரும்ப ஏத்தி, அந்த முடிவு 2024 டிசம்பர்ல வெளியாச்சு. ஓயாம ரத்தக்கசிவு வந்துட்டு இருந்த அந்த 5 பேருக்கும் சிகிச்சை பலன் குடுத்த அப்புறம் கசிவு நின்னுடுச்சு. நோய் வேற, ஆனா செல்லை எடுத்துத் திருத்தி மஜ்ஜைல நடற அந்தக் கைப்பழக்கம் இதுக்கும் அதேதான், அது இப்ப தமிழ்நாட்டுக்குள்ளயே இருக்கு. அப்புறம் டெல்லில மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரோட ஐஜிஐபி நிறுவனம் சிக்கிள் செல்லுக்குன்னே ஒரு கிரிஸ்பர் சிகிச்சைய உருவாக்கி, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டா பேர்ல பிர்சா 101னு 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க, தொழில்நுட்பத்தை சீரம் இன்ஸ்டிடியூட்டுக்குக் கை மாத்திருக்காங்க. அறிவிச்சதுக்கும் ஆஸ்பத்திரில கிடைக்கறதுக்கும் நடுவுல மனுசங்க மேல பல கட்டப் பரிசோதனை இருக்கு, அதுல குறுக்குவழி கிடையாது, இருக்கவும் கூடாது. 2025ல பிலடெல்ஃபியாவுல கேஜேன்னு ஒரு கைக்குழந்தைக்கு அந்தக் குழந்தையோட எழுத்துத் தப்புக்குன்னே தனியா மருந்து செஞ்சு ட்ரிப்ஸ்ல ஏத்தினாங்க, கீமோவே இல்லாம. அது கல்லீரல் நோய்ங்கறதால மருந்து நேரா கல்லீரலுக்குப் போய்ச் சேந்துச்சு. மஜ்ஜைக்கு அப்படி நேரா அனுப்பறது இன்னும் கைக்கு வரல, உலகமே அதைத்தான் தேடிட்டு இருக்கு. வாட்ஸ்அப்ல சொன்ன "ஒரு ஊசி" என்னைக்காவது உண்மையாகும்னா அந்த வழிலதான்.

இப்ப அந்த 4 லட்சம். இதைப் படிச்ச பிறகு நீங்களே கேக்கலாம், மஜ்ஜைய அழிக்காம, ஜீனைத் திருத்தாம, யாரோட செல்லு ஒத்துப் போகுதுன்னு பாக்காம ஒரு ஊசில எந்தச் செல்லு போய் என்ன பண்ணும்? பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்ல கொழுப்புல இருந்தோ தொப்புள்கொடில இருந்தோ எடுக்கற மீசன்கைமல் செல்லைக் குடுக்கறாங்க. அது ரத்தம் உண்டாக்கற செல்லே இல்ல, நெல்லு விளையணும்னு ராகி விதைக்கற கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல் தெளிவா சொல்லுது, ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்று மாதிரி நிரூபிச்ச சிகிச்சைய விட்டா மத்த ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் பதிவு பண்ணின ஆராய்ச்சிலதான் பண்ணலாம், ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. அதனால அவங்ககிட்ட சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவுல மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு பண்ற இடத்தோட பதிவு எண் என்னன்னு கேளுங்க. எண் இருந்தா ஏன் 4 லட்சம்? 4 லட்சம்னா எண் எங்க? எங்க பக்கத்து எஸ்டேட்ல ஒரு அம்மா வேற ஒரு நோய்க்கு இப்படி ஒரு இடத்துல பிராவிடண்ட் ஃபண்ட் காசு மொத்தத்தையும் குடுத்துட்டு, ஒரு மாத்தமும் இல்லாம எங்க லேப் பெஞ்சுல வந்து உக்காந்தாங்க, ரிப்போர்ட்ட எப்படி அவங்க கைல குடுக்கறதுன்னு எனக்குக் கை நடுங்குச்சு. உங்க அக்கா அந்தப் பெஞ்சுல உக்காரக் கூடாது.

உண்மையா இன்னைக்கே குணப்படுத்தற வழி ஒண்ணு இருக்கு, கூடப் பொறந்தவங்களோட எலும்பு மஜ்ஜை. ஹெச்எல்ஏன்னு ஒரு ரத்தப் பரிசோதனைல பொருத்தம் பாக்கணும், ஒரே அம்மா அப்பாவுக்குப் பொறந்த ஒவ்வொருத்தருக்கும் முழுசா பொருந்த 4ல 1 வாய்ப்பு. குடுக்கறவங்க ஏஎஸ்ஸா இருந்தாலும் பரவால்ல. சின்ன வயசுல, பொருத்தமான அண்ணன் தங்கச்சி மஜ்ஜைய வெச்சுப் பண்ணினா 10ல 9 பேருக்கு மேல பொழைச்சு வந்துடறாங்க, வயசு ஏற ஏற ஆபத்தும் ஏறும். பாதி பொருத்தத்துலயும் இப்ப பண்றாங்க, ஆபத்து இன்னும் ஜாஸ்தி. பையனுக்குத் தங்கச்சி இருக்கான்னு நீங்க எழுதல. இருந்தா அந்தப் பாப்பாவோட ஹெச்எல்ஏ டெஸ்ட்டுக்குத்தான் முதல் பஸ் டிக்கெட் போடணும். செலவு லட்சக்கணக்குல வரும், ஆனா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழி இருக்கு, கார்டை எடுத்துட்டுப் போங்க.

தொப்புள்கொடி ரத்தம் விஷயம். உங்க குழந்தையோட ரத்தம் உங்க அக்கா பையனுக்குப் பொருந்தற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, மாமன் பிள்ளை அத்தைப் பிள்ளைக்குள்ள பொருத்தம் அவ்வளவு சீக்கிரம் அமையாது. "உங்க குழந்தைக்கே பின்னாடி உதவும்"னு அந்த ஆள் சொல்வார், அதுக்கும் ஆதாரம் இல்லன்னு ஐசிஎம்ஆர் சொல்லிடுச்சு. பிறவில வந்த நோய்னா அந்த ரத்தத்துலயும் அதே எழுத்துத் தப்புதான இருக்கும்! ஒரே ஒரு இடத்துல அர்த்தம் உண்டு, உங்க அக்காவுக்கு இன்னொரு குழந்தை பொறக்கப் போகுதுன்னா அந்தக் குழந்தையோட தொப்புள்கொடி ரத்தத்தை அண்ணனுக்காக எடுத்து வைக்கறது. அதை ரத்த நோய் டாக்டர் சொல்லிச் செய்யணும், போன் பண்ற ஆள் சொல்லி இல்ல.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது. பையனோட ஹெச்பிஎல்சி ரிப்போர்ட்டை, அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுக் காட்டற ரிப்போர்ட்டை எடுத்து வெச்சுக்கோங்க. எஸ்னு ஒரு வரி, ஏ2ன்னு ஒரு வரி, எஃப்னு ஒரு வரி இருக்கும், எதிர்ல ஒரு சதவீதம். அந்த எஃப்தான் குழந்தை ஹீமோகுளோபின். அரபு இந்திய வகைன்னு சொல்ற நம்ம நாட்டு சிக்கிள் வகைல இது ஆப்பிரிக்க வகைகளை விட பொதுவாவே கொஞ்சம் அதிகமா இருக்கும், அதனால சில பேருக்கு நோய் சற்று லேசா போகும், எல்லாருக்கும் இல்ல. 18 கோடி ரூபாய் சிகிச்சை பண்ற வேலை இந்த எஃப் வரிய ஏத்தறதுதான். அதே வரிய ஒரு மாத்திரையும் ஏத்துது தம்பி. ஹைட்ராக்ஸியூரியான்னு பேரு, 1998ல இருந்தே பெரியவங்களுக்கு சிக்கிள் செல்லுக்குன்னு அனுமதி வாங்கின மருந்து, அப்புறம் குழந்தைங்களுக்கும் வந்துச்சு, விலை கம்மி. கிரிஸ்பர் அளவுக்கு ஏத்தாது, தினமும் சாப்பிடணும், நிறுத்தினா இறங்கிடும், ஆனா வலியும் ரத்தம் ஏத்தற தேவையும் நல்லாவே குறையுது. இது புற்றுநோய்க்கும் குடுக்கற மருந்துங்கறதால யாராவது "உன் பையனுக்கு கேன்சர் மாத்திரை குடுக்கறாங்க"ன்னு பயமுறுத்துவாங்க, அதைக் கேட்டு நிறுத்தின ரெண்டு மூணு குழந்தைங்க திரும்ப வலியோட வந்ததை நானே பாத்திருக்கேன். ஒழுங்கா ரத்த எண்ணிக்கை டெஸ்ட் பண்ணிக்கிட்டே டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா போதும். கூடலூர்ல அஸ்வினிங்கற அமைப்பு நடத்தற ஆதிவாசி மருத்துவமனைல சிக்கிள் செல்லுக்குன்னே தொடர்ந்து பாக்கறாங்க, அங்க போங்க, இல்லன்னா ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி. மத்திய அரசோட சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலைல தொடங்கினது, பழங்குடிப் பகுதிகள்ல 40 வயசு வரைக்கும் உள்ள 7 கோடி பேரைப் பரிசோதிக்கறது அப்ப வெச்ச இலக்கு, அதுல பரிசோதனை முடிவு போட்டுக் குடுக்கற கார்டு பையனுக்குக் குடுத்தாங்களான்னும் கேளுங்க.

வீட்டுல என்ன பாக்கணும்னும் சொல்லிடறேன், ஜீன் தெரபி வர்ற வரைக்கும் அவனைப் பத்திரமா கொண்டு போய்ச் சேக்கணும்ல. காய்ச்சல் 101 தாண்டினா காலைல பாக்கலாம்னு விடாதீங்க, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி, ஏன்னா இவங்களுக்கு மண்ணீரல் சரியா வேலை செய்யாது, நிமோனியாக் கிருமி ஒரே நாள்ல ஆளைச் சாய்ச்சுடும். நிமோனியா தடுப்பூசி போட்டாச்சான்னு கார்டுல பாருங்க. அக்காவுக்கு மண்ணீரல் தடவிப் பாக்க நர்ஸ் சொல்லித் தருவாங்க, பையனை மல்லாக்கப் படுக்க வெச்சு இடது விலா எலும்புக்குக் கீழ விரல் நுனிய மெதுவா வெச்சு மூச்சை இழுக்கச் சொல்லணும், மண்ணீரல் வீங்கியிருந்தா கட்டியா ஏதோ வந்து விரலைத் தொடும். திடீர்னு அது பெரிசாகி பையன் வெளுத்துப் போனா ஓட வேண்டியதுதான். வாய் கோணறது, ஒரு பக்கம் கை கால் வராம போறது, மூச்சு வாங்கி நெஞ்சு வலிக்கறது, இதெல்லாமும் அப்படித்தான்.

தண்ணி, தண்ணி, தண்ணி. இந்தப் பிள்ளைங்களுக்குச் சிறுநீரகம் தண்ணியப் பிடிச்சு வைக்காது, அடிக்கடி ஒண்ணுக்குப் போவாங்க, ராத்திரி படுக்கைல போனாலும் திட்டாதீங்க. டீச்சர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க, கிளாஸ்ல பாட்டில் வெச்சுக்கணும், கேட்டா உடனே வெளிய விடணும்னு. டிசம்பர் ஜனவரி உறைபனில காலைல பச்சைத் தண்ணில குளிக்க வைக்காதீங்க, மழைல நனைஞ்சு வந்தா உடனே துணி மாத்துங்க, ஸ்வெட்டர் கூட காலுறை முக்கியம். கூடலூர் 1000 மீட்டர் சுமார் உயரம், ஊட்டி 2200க்கு மேல, காத்துல ஆக்சிஜனும் குறையும் குளிரும் ஏறும். பைக்ல முன்னாடி உக்கார வெச்சுக் குளிர்காத்துல நடுவட்டம் பைக்காரா வழியா மேல கூட்டிட்டுப் போய், ஊட்டி போறதுக்குள்ள வலி ஆரம்பிச்சுப் பஸ் ஸ்டாண்டுல சுருண்டு படுத்த ஒரு பையன எனக்குத் தெரியும். டெஸ்ட்டுக்கு ஊட்டி போறதா இருந்தா பஸ்ல, ஜன்னலை மூடி, போர்த்தி, ஃபிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டுப் போங்க.

கடைசியா நீங்க கேக்காதது ஒண்ணு. பையனுக்கு எஸ்எஸ்னா உங்க அக்காவுக்கு அந்த ஜீன் கண்டிப்பா இருக்கு. அக்காவுக்கு அது வந்தது உங்க அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோதான், அதனால உங்களுக்கும் இருக்க குறைஞ்சது பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு ஜீன் மட்டும் இருந்தா உங்களுக்குப் பொதுவா ஒண்ணும் ஆகாது, மருந்து வேண்டாம், நீங்க நோயாளி இல்ல. ஆனா உங்க மனைவிக்கும் இருந்துட்டா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு எஸ்எஸ் வர 4ல 1 வாய்ப்பு. மூணாவது மாசம்னு சொல்றீங்க, இதுதான் சரியான நேரம், ரெண்டு பேருக்கும் இருந்தா வயித்துல இருக்கற குழந்தைக்கு எப்படின்னு இப்பவே பாக்க முடியும், வேலூர் மாதிரி இடத்துல பண்றாங்க. தெரிஞ்ச பிறகு என்ன பண்றதுங்கறது நீங்க ரெண்டு பேர் மட்டும் எடுக்கற முடிவு, யாரும் தள்ளக் கூடாது. குழந்தையப் பெத்துக்கலாம்னு முடிவு பண்ணினாலும், எஸ்எஸ்னு முன்னாடியே தெரிஞ்சா பொறந்த ரெண்டு மாசத்துலயே பெனிசிலினும் தடுப்பூசியும் ஆரம்பிச்சுடலாம், உங்க அக்கா பையனுக்குக் கிடைக்காத அந்த ஆரம்பம் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கும்.

ரெண்டு பேரும் சேந்தே போங்க, இந்த வாரமே. எடுக்கறது ஒரு ரெண்டு மில்லி ரத்தம். வெறும் வயித்துல வரணும்னு இல்ல, காலைல சாப்பிட்டுட்டே போகலாம், அக்கா பையனோட பழைய ரிப்போர்ட்டை மட்டும் மறக்காம கைல எடுத்துக்கோங்க.